துட்டி வீட்டுக் கதவு

"ஓடுளா! திரும்பிப் பாக்காத, ஓடு!"

அண்ணன் கத்துகிறான். ஓடுகிறேன். பின்னால் பைக். சைலன்சர் இல்லாத சத்தம். மீன் ஏலக்கூடத்துச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. ஈரத் தரை. செருப்பு வழுக்குகிறது. கொஞ்சம் முன்னால்தான் அண்ணன் கேலி செய்தான். "நண்டு மாதிரி நடக்கியே, வெரசா வாளா."

அண்ணன் ஓடவில்லை. பைக்கில் வந்தவர்களை மறித்து நின்றான். நான் திரும்பினேன். அவனை வெட்டினார்கள். ஒருத்தன் முகத்தில் கட்டியிருந்த கர்ச்சீப் அவிழ்ந்தது. பார்த்துவிட்டேன்.

படகுத்துறையில் கஞ்சா விற்கிறார்கள் என்று அண்ணன் போலீசில் சொல்லியிருந்தான். அதற்குத்தான்.

அடக்கம் முடிந்தது. எங்கள் பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டில் தினமும் சாயங்காலம் செபமாலை சொல்வார்கள். கதவு திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து முட்டிபோடலாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அம்மா மடியில் விழுந்து அழுதேன்.

"அவன் மூஞ்சியப் பாத்தேம்மா. எங்க நின்னாலும் காட்டிருவேன்."

மறுநாள் செபத்தின் நடுவில் அதே பைக் வாசலில் நிற்கிறது. உறுமுகிறது. ஒரு குரல்.

"ஏளா, கண்ணு நல்லாத் தெரியுதோ?"

யாரும் எழவில்லை. செபத்தின் சத்தம்தான் கூடியது. எங்களோடு முட்டிபோட்டவர்களில் யாரோ நான் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்கள். யார்? எல்லாரும் எனக்குச் சோறு ஊட்டியவர்கள்.

அதோடு என் பேச்சு நின்றது. தண்ணி லாரிச் சத்தம் கேட்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து கவுன்சிலிங் அக்கா வந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார். அப்படியே உட்கார்ந்தார். நானாகவே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன், வாய் திறந்தேன்.

"கோர்ட்டுல சொல்லணும்க்கா. வாய் வரமாட்டேங்கு."

"மொதல்ல எங்கிட்ட சொல்லு. ஆனா கதவத் தொறந்து போட்டுட்டு வேண்டாம்."

அம்மா பதறினாள். "துட்டி வீட்டுக் கதவ அடைக்கவா? ஊரு காறித் துப்பும்!"

செப நேரம். அக்கா இன்னும் போகவில்லை. வெளியே செருப்புச் சத்தம். தூரத்தில் பைக். எழுந்தேன். கதவை நானே சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன்.

"ஏளா, செபத்துக்கு வந்திருக்கோம், தொற!"

தட்டினார்கள். திறக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். நடுவில் பைக் வாசலைக் கடந்தது. நான் நிறுத்தவில்லை.

கோர்ட்டில் இன்னும் கூப்பிடவில்லை. பைக் இன்னும் வருகிறது.

போனது இவ்வளவு. அண்ணன் ஸ்டீபன், இருபத்திரண்டு வயது. படகில் அவனுக்கு இருந்த பங்கு. என் தையல் வகுப்பு. கதவை அடைத்ததற்காக எங்களோடு பேச்சை நிறுத்திய வீடுகள், பதினொன்று. செபத்துக்கு வந்த எல்லாரும்.

சாயங்காலம் கதவை அடைத்துவிட்டு அம்மா செபமாலையைத் தொடங்குகிறாள். பதில் செபம் சொல்ல நான் ஒருத்திதான்.