பஸ் ஸ்டாப்புச் சுவத்துல ஒரு பீச்சாங்கைக்காரி

– யோவ், ஏணி மேல நிக்கிறவனே. எறங்கு கீழ.

– எறங்குறேன்க்கா. பெயிண்டு டப்பா எனக்கு முன்னாடியே எறங்கிடுச்சு, பாத்தீங்கல்ல.

– பாத்தேன். என் அன்னக்கூடைக்குள்ளதான் எறங்கியிருக்கு. சங்கரா மீனுய்யா. செவசெவன்னு இருந்துச்சு. இப்ப பாரு, நீலமா முழிச்சிக்கிட்டுக் கெடக்கு.

– வானத்துக்குன்னு கலந்த நீலம்க்கா. மேகத்துக்குப் பக்கத்துல கைய நீட்டுனேன், முழங்கை தட்டிடுச்சு. நம்ம ராசி அப்படி. ஒரு கல்யாண மண்டபத்துல ரெண்டு அன்னம் வரையப் போயி, மாப்ள வேட்டிய மஞ்சளாக்கிட்டு வந்தவன் நானு. திட்டக்குடியில இன்னும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

– திட்டக்குடிக்காரனா. அதான பாத்தேன். கடலயே பாக்காதவன் கடல வரைய வந்துட்டான்.

– அதனாலதான் கடலக் கடைசியா வெச்சிருக்கேன். வானம் எங்க ஊர்லயும் இருக்குது.

– வாய் நல்லா வேல செய்யுது. கைதான் செய்யல.

– மீன் மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன்க்கா. எம்பேரு கொளஞ்சியப்பன். ஓடிட மாட்டேன்.

– உம்பேர வெச்சி நான் கொழம்பா வெக்கப் போறேன். மீன் கெடக்கட்டும். கூடைய இங்க எறக்கி வெச்சதே உன்னப் புடிக்கத்தான். அந்த மூஞ்சிய அழி.

– எந்த மூஞ்சி?

– சுவத்துல வரைஞ்சிருக்கியே, மீன்காரி மூஞ்சி. வேற என்னத்த வரைஞ்சிட்ட? அத உட்டா ஒரு கொக்கு.

– அது கொக்கு இல்லக்கா. கடல்புறா.

– அந்த மாதிரி ஒண்ணு எங்க குப்பத்துல பறந்து நான் பாத்ததில்ல. மூஞ்சிய அழி. எங்கண்ணன் சேரன், கடல்லயே தங்கித் தொழில் பண்ணப் போயி ஒரு வாரமாச்சு. மதியம் அவன் படகு கரைக்கு வந்துடும். அதுக்குள்ள அழிச்சிடு. அவன் இன்னும் இதப் பாக்கல. பாத்தான்னா சுவரையும் ஒடைப்பான், உங்கையையும் ஒடைப்பான்.

– வரிசையில நிக்கச் சொல்லுங்க. காண்ட்ராக்டர் ஏற்கெனவே ஒடைக்கிறேன்னு சொல்லியிருக்காரு. பஸ் ஸ்டாப்ப அழகாக்கியாச்சான்னு பாக்க நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாராம். நடுவுல மீன்காரி இல்லேன்னா சுவத்துல ஓட்ட விழுந்த மாதிரி இருக்கும். ஏன்க்கா அழிக்கணும்?

– அது நானு.

– நீங்களா?

– ஆமா. என்னக் கேட்டா வரைஞ்ச? பஸ்ஸுக்கு நிக்கிறவனெல்லாம் எம்மூஞ்சியில சாஞ்சிக்கிட்டு நிப்பான். வெத்தலபாக்கு போட்டு எம்மேல துப்புவான். எலெக்சன் வந்தா மூக்கு மேல போஸ்டர் ஒட்டுவான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர ஒட்டிட்டான்னா அத விடக் கேவலம், எனக்குத்தான்னு ஊரே மாலையோட வந்து நிக்கும்.

– அது ஞாயம்தான்க்கா. சிதம்பரத்துல நான் வரைஞ்ச ஒரு மயிலு மேல மூலம் பவுத்திரம் டாக்டர் ரெண்டு வருசமா ஒக்காந்திருக்காரு. தோகை மட்டும் அவருக்குப் பின்னாடி விரிஞ்சிருக்கு.

– இளிக்காத. நான் வெளயாட வரல.

– சரி, அழிக்காம மாத்தி வரையட்டுமா? கண்ணப் பெருசாக்குறேன். ஒரு கண்ணாடி போட்டு உடுறேன், டீச்சர் மீன் விக்கிற மாதிரி இருக்கட்டும்.

– மீசையும் வெய்யி.

– வெச்சா உங்கண்ணன்னு சொல்லிடுவாங்க.

– யோவ்.

– சரி சரி. அந்த மூஞ்சியால நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். தெனம் காலையில வந்து பாத்தா, காயறதுக்குள்ள யாரோ கன்னத்துல கைய வெச்சிருக்காங்க. அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. சுவத்துக்குப் பூசுற பட்டி வெச்சி மேடாத் தூக்கி ஒரு மூக்குத்தி பண்ணேன், அதையும் தடவித் தடவி மொழுக்கிட்டாங்க. மொதநாளு ஆட்டு மேல பழியப் போட்டேன். ஆட்டுக்கு ஏது அஞ்சு வெரலு? தெனம் அந்தக் கன்னத்த ஒப்பேத்துறதே ஒரு வேலையாப் போச்சு.

– அழிச்சிட்டா வேல மிச்சம்.

– இருக்கிறதே ஒரே ஒரு ரசிகர்தான்க்கா. அதோ, கோடி பெஞ்சுல ஒக்காந்திருக்கு பாருங்க, அந்தம்மா...

– கைய நீட்டாத. கொரலக் கொற.

– அந்த மூஞ்சிய வரைஞ்ச நாளுலேருந்து வருது. சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருக்கு. பாண்டி பஸ் வருது, சிதம்பரம் பஸ் வருது, எதுலயும் ஏறல. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சுது. சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. போவட்டும், ஒருத்தருக்காவது நம்ம வேல புடிச்சிருக்கேன்னு இருந்தேன்.

– அதுக்குக் கண்ணு தெரியாது.

– என்னக்கா சொல்றீங்க?

– ரெண்டு கண்ணுலயும் புரை. கிட்ட வந்து நின்னாத்தான் ஆளு நெழலாட்டம் தெரியும். அது எங்க உன் படத்தப் பாக்கப் போவுது.

– இருந்த ஒரே ரசிகருக்கும் கண்ணு தெரியாதா. நம்ம ராசி அப்படி.

– பேசிக்கிட்டே நிக்காம தண்ணிய ஊத்து. நாலு மீனாவது தேறுதான்னு பாக்குறேன்.

– ஊத்துறேன். இதோ. அக்கா, ஒரு நிமிசம். நீங்க சோத்தாங்கையாலதான் கழுவுறீங்க.

– பின்ன காலாலயா கழுவுவாங்க?

– சுவத்துல இருக்கிறவுங்க பீச்சாங்கையால மீன எடுத்து நீட்டுறாங்க. பீச்சாங்கைய நீட்டுனா வெளங்குமான்னு காண்ட்ராக்டர் சண்டைக்கே வந்தாரு. மாத்தி வரையலாம்னு பாத்தேன், மாத்துனா அந்த ஆளே காணாமப் போயிடுறாங்க. அதான் உட்டுட்டேன். அக்கா, அது நீங்க இல்ல.

– யாரப் பாத்து வரைஞ்ச?

– யாரையும் பாக்கல. மனசுல தோணுனது.

– பொய்யி. உன் மனசுல அந்தக் கொக்குதான் தோணும். இது தோணாது. யாரப் பாத்து வரைஞ்ச, சொல்லு.

– போட்டோ எடுத்து வரைஞ்சேன்னு வெளிய சொல்லாதன்னு காண்ட்ராக்டர் சொல்லியிருக்காரு, கேசு கீசு ஆயிடும்னு. மொதல்ல நீங்க யாரு? நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?

– அஞ்சலாட்சி. அதுல இருக்கிறவ என் தங்கச்சி தமிழ்ச்செல்வி. இந்தக் குப்பத்துல பீச்சாங்கையால மீன் நீட்டுனவ அவ ஒருத்திதான். நீ மூஞ்சிய முடிக்கிறதுக்கு முன்னாடியே ஊரு கையப் பாத்துக் கண்டுபுடிச்சிடுச்சு. போதுமா?

– அவுங்க இங்க இல்லியா?

– ஐஸ் வண்டி டிரைவரோட போயிட்டா. கடலுக்குப் போறவன் இல்ல, எங்க சனமும் இல்ல. வீட்டுல தல முழுகிட்டோம். எங்கண்ணன் அவ செத்துட்டான்னு மொட்டையே போட்டுக்கிட்டான். இன்னிக்கும் அவ பேர எடுத்தா சோத்துத் தட்டு பறக்கும். அவன் தெனம் டீ குடிக்கிற எடத்துல அவளக் கொண்டாந்து சிரிக்க வெச்சிருக்க நீ.

– எனக்குத் தெரியாதுக்கா.

– உனக்கு எதுதான் தெரியும். எங்க பாத்த அவள?

– சிதம்பரத்துல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல நாலஞ்சு மீன் கடை இருக்கு. ஓரத்துக் கடை.

– எளச்சிருக்காளா?

– எளைக்கிற ஆளா அவுங்க? வெல கேட்டவன் ஒருத்தன நிக்க வெச்சிக் கிழிச்சிக்கிட்டு இருந்தாங்க. உங்க வாயி அப்படியே.

– அந்தச் சிரிப்பு. அது நீயாப் போட்டதா, அவ சிரிச்சாளா?

– அவுங்க சிரிச்சது. நானாச் சிரிப்பு வரைஞ்சா பல்லு வலி மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணுக்கா. நான் திருட்டுத்தனமாத்தான் போட்டோ எடுத்தேன். பாத்துட்டாங்க. மீன் வெட்டுற கத்தியோட எந்திரிச்சாங்க. ஐயோ அக்கா, கடலூரு தொறமுகத்துக்கிட்ட இந்தக் குப்பத்து பஸ் ஸ்டாப்புல வரையத்தான்னு சொன்னேன். கத்தியக் கீழ வெச்சிட்டாங்க. முந்தானையால மூஞ்சியத் தொடச்சாங்க. இப்ப எடுன்னாங்க. அப்பதான் சிரிச்சாங்க.

– பொய்யி.

– சத்தியமா. போன்ல இருக்கு, காட்டட்டுமா? போவும்போது ஒண்ணு கேட்டாங்க. அந்த பஸ் ஸ்டாப்புல ஒக்கார பெஞ்சு இருக்குதான்னு. இருக்குன்னேன். படம் பெஞ்சுக்கு நேரா வருமான்னாங்க. வரும்னேன். என்னமோ பஸ்ஸுக்கு நிக்கிற சனத்து மேல அவ்ளோ அக்கறைன்னு நெனச்சிக்கிட்டேன். அக்கா? என்னக்கா, அந்தம்மாவையே பாக்குறீங்க?

– ஒண்ணுமில்ல. போன உள்ள வெய்யி.

– அந்தம்மா வெரல்ல என்னமோ இருக்கு. அது நான் கன்னத்துக்குக் கலந்த கலராச்சே. அக்கா, அது உங்க...

– மெதுவாப் பேசு. கண்ணுதான் போச்சு, காது நல்லாக் கேக்கும். தெனம் ராவுல மண்ணெண்ண போட்டு நான்தான் அந்தக் கையத் தொடச்சி உடுறேன், அண்ணன் வந்தாப் பாத்துடக் கூடாதேன்னு. விடிஞ்சா மறுபடி இங்க வந்து நிக்கிது. நேத்து என்னக் கூப்புட்டு, மூக்குத்தி போட்டிருக்காடி, அந்த டிரைவரு நல்லாத்தான் வெச்சிருக்கான்னு சொல்லுது.

– அந்தக் கைய நான் தெனம் பூசிப் பூசி மறைச்சேன்க்கா. ஆட்டு மேல வேற பழியப் போட்டேன்.

– நீ மட்டுமா. நானும்தான் தொடச்சேன்.

– அக்கா, வந்ததுலேருந்து நானும் பொய் சொன்னேன், நீங்களும் பொய் சொன்னீங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு நேரா சொல்லுங்க. வெள்ள பெயிண்டு இருக்கு. அஞ்சு நிமிச வேல. காண்ட்ராக்டர்கிட்ட நான் ஒத வாங்கிக்கிறேன், அது எனக்குப் பழக்கம். உங்கண்ணன் கையால நீங்களும் அந்தம்மாவும் வாங்கக் கூடாது. அழிக்கட்டுமா, வேணாமா?

– அந்தக் கொக்க அழி.

– கொக்கையா?

– வானத்தையும் அழி. கடல வரையவே வேணாம், அதுதான் திரும்புன பக்கமெல்லாம் இருக்குதே.

– அப்ப அவ்ளோ எடத்துல நான் என்னத்த வரையிறது? உங்கண்ணன் வந்தா என்ன சொல்றது?

– அவங்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ எந்தங்கச்சிய சுவரு பூரா வர்ற மாதிரி பெருசா வரை. எங்கம்மாவுக்கு பெஞ்சுல இருந்தே தெரியணும்.