காமாலையார் மஞ்சக்கொடி ஏத்துன கதை

அது கப்பலெல்லாம் கரியத் தின்னு புகையக் கக்குன காலம், மக்கா. நம்ம புன்னைத்துறையில கயித்தான்னு ஒருத்தரு இருந்தாராம். ஆளு கட்டை, நல்ல கறுப்பு. வெள்ளைக்காரன் கப்பல்ல பண்டாரி வேலை. பண்டாரின்னா சமையக்காரரு. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் மஞ்சத்தூளும் மொளகாத்தூளும் மூட்டையா அவரு கூடவே போவுமாம்.

ஒரு வாட்டி சூயஸ் கால்வாயத் தாண்டி மத்தியதரைக் கடல்ல போகுது கப்பல். காத்துன்னா காத்து, அப்படியொரு காத்து. சரியுற பானையப் புடிக்கப் போயி நம்ம ஆளு காலு ஒடிஞ்சு போச்சாம். காப்டன் வந்து பாத்தான். "நிக்க முடியாதவன் எப்படிலே சமைப்பான்?"னு சொல்லி, மொர்தேலான்னு ஒரு தீவுல எறக்கிவிட்டுட்டுப் போயே போயிட்டானாம். கயித்தானும் மூட்டையும் கரையில.

தீவுன்னா பெருசில்ல. ஒரு முனையில நடக்க ஆரம்பிச்சா, வீட்டுல ஊத்தி வச்ச கஞ்சி ஆறுறதுக்குள்ள மறுமுனை வந்துரும். ஆறு கிடையாது. ஊத்து கிடையாது. தோண்டினா உப்பு. சுத்திச் செங்குத்துப் பாறை, தெக்க மட்டும் தோணி ஒதுங்க ஒரு எடம். பாறையக் குடைஞ்சு ஒரே ஒரு தொட்டி. மழை பேஞ்சா அதுல நிக்கும். நானூறு சனத்துக்கும் ஆட்டுக்கும் வருசம் பூரா அதுதான் தண்ணி.

தொட்டிய வெட்டுனது யாருன்னு கேட்டா, ஆளுக்கொரு ராசா பேரச் சொல்லுவாங்களாம். அங்க ராசாமாருக்குக் குறைச்சலே இல்ல. அரபி வந்தான், போனான். சிலுவை போட்ட வீரன் வந்தான், போனான். ஒரு தடவ கடல் கொள்ளைக்காரன் வந்து சனத்த மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டானாம். அப்புறம் நூறு வருசம் ஆடுதான் தீவ ஆண்டுச்சாம். ஆடு ஆண்டதுதான் நல்ல ஆட்சின்னு அங்கத்த சனம் சொல்லுமாம்.

தொட்டிச் சாவி கராசியான்னு ஒரு விதவையம்மா கையில. அந்தம்மா நம்ம ஆளப் பாத்து, பேரு என்னன்னு சைகையில கேட்டுச்சாம்.

"கயித்தான்."

"கயெத்தானோவா!" அந்தம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிச்சாம். செத்துப்போன புருசன் பேரும் அதுவாம், அவங்க கோயில் புனிதர் பேரும் அதுவாம். அப்புறம் என்ன? "தூக்குங்கடா வீட்டுக்கு!"

பாசைக்கு என்ன செய்ய? போர்த்துக்கீசியன் நமக்கு விட்டுட்டுப் போன சொல்லு இருக்குல்லா, மேசை, சன்னல், சாவி, அலமாரி. அதுல ரெண்டு அந்தம்மாவுக்குப் புரிஞ்சுதாம். அதை வச்சே ஒரு வருசத்த ஓட்டிட்டாரு. கேட்டுக் கேட்டு அவங்க பேச்சும் வந்துருச்சு. காலும் கூடிருச்சு. தெனம் பாறை மேல ஏறி, ஊருக்குப் போக ஒரு கப்பல் வருதான்னு பாப்பாராம். பக்கத்துத் தீவுலேருந்து மாவு கொண்டு வர்ற தோணிதான் வரும். எறங்கிருவாரு.

ஒரு கோடைக்காலம். விடிஞ்சு பாத்தா வடக்க ஒரு பீரங்கிக் கப்பல், மேக்க ஒரு பீரங்கிக் கப்பல். ஒண்ணு ஒரு ராசாவோடது, ஒண்ணு இன்னொரு ராசாவோடது. ரெண்டு பேரும் தீவு எனக்குத்தான்னு வாறாங்க. கோயில் முன்னால சனம் கூடிருச்சு.

"வடக்கத்தான் கொடிய ஏத்து!"

"ஏத்துனா மேக்கத்தான் சுடுவான்!"

"கொடி கெடக்கட்டும்யா"ன்னுச்சாம் கராசியா. "ரெண்டு கப்பல்லயும் அறுநூறு பேரு. அம்புட்டுப் பேருக்கும் தாகம். தொட்டிய ஒரே நாள்ல வழிச்சிருவான். மழைக்கு இன்னும் ரெண்டு மாசம். நாம என்னத்தக் குடிக்க?"



 கயித்தான் ஒரு வருசமா காத்துக் கெடந்த கப்பல். ஒண்ணில்ல, ரெண்டு. ஏறுனா ஊரு, பொண்டாட்டி, புள்ள. அந்தப் பக்கம் கப்பலப் பாத்தாரு, இந்தப் பக்கம் சனத்தப் பாத்தாரு. "நாசமாப் போச்சு"ன்னு தமிழ்ல சொல்லிட்டு, "பெரிய வெள்ளத் துணி ஒண்ணு வேணும்"னு கேட்டாராம்.

ஊர்லயே பெரிய துணி கராசியாவோட கலியாண விரிப்புதான். "தொட்டா கைய ஒடிச்சிருவேன்!"

"தாயே, தண்ணி வேணுமா, விரிப்பு வேணுமா?"

அந்தம்மா அழுதுகிட்டே எடுத்து வீசுச்சாம். கடத்தண்ணியில மஞ்சத்தூளக் கொட்டிக் கரைச்சு, விரிப்ப முக்கி, கோயில் கோபுரத்துல ஏத்திட்டாரு. கடலோடிக்குத் தெரியும், மஞ்சக்கொடின்னா காய்ச்சல் கண்ட எடம், கிட்ட வராதேன்னு அர்த்தம்.

ரெண்டு கப்பலும் நின்னுருச்சு. ஆனா மேக்கத்தான் சந்தேகக்காரன். டாக்டர ஏத்தி ஒரு தோணி எறக்கிட்டான். "நோயாளியக் காட்டு!"

எவனக் காட்ட? ஒவ்வொருத்தனும் கன்னுக்குட்டி மாதிரி இருக்கான். கயித்தான் மிச்ச மஞ்சள அள்ளித் தலையிலேருந்து கால் வரைக்கும் பூசிக்கிட்டு, பாறையில மல்லாந்து விழுந்தாராம். கறுப்பும் மஞ்சளும் கலந்து ஒரு நிறம், அதை டாக்டரு எந்தப் புத்தகத்துலயும் பாத்திருக்க மாட்டாரு.

"நாக்க நீட்டு!"

நீட்டுனாரு. நாக்கும் மஞ்ச.

"என்ன செய்யுது?"

அவங்க பேச்சுல பதில் சொன்னா தெளிவா இருக்கான்னு கண்டுபுடிச்சிருவானே! கண்ண உருட்டி ஒரே கத்து: "மேசை! சன்னல்! சாவி! அலமாரி!"

"ஐயோ, சாகப்போறவன் வீட்டுச் சாமானக் கேக்குறான்! மூளைக்கு ஏறிருச்சு! வலிங்கடா துடுப்ப!"

மத்தியானத்துக்குள்ள கடல்ல ஒரு புகை கூட இல்லையாம்.

ஆனா மஞ்சக்கொடின்னா நாப்பது நாளு யாரும் வரப்படாது. மாவுத் தோணியும் வரல. சப்பாத்திக்கள்ளிப் பழமும் மீனும்தான். "கயெத்தானோ, ரொட்டி எங்க?"ன்னு போற வாறவனெல்லாம் கேப்பானாம். நாப்பத்தொண்ணாம் நாளு மாவு வந்துச்சு. "பக்கத்துத் தீவு வரைக்குமாவது என்னையும் ஏத்திக்கோ"ன்னு ஓடுனாரு கயித்தான். தோணிக்காரன் அவரு காதுக்குப் பின்னால உத்துப் பாத்தான். இன்னும் மஞ்ச! "நீ வேண்டாம்பா"ன்னு போயிட்டானாம். அப்புறம் மழை வந்து, தொட்டி நிறைஞ்சு, அதுக்கும் அப்புறந்தான் அவருக்குத் தோணி கெடைச்சுது.

கெளம்புற அன்னைக்குக் கராசியா விரிப்பத் தூக்கிக் காட்டுச்சாம். "எம்புட்டுத் துவைச்சாலும் மஞ்சள் போகல. நீதான் போற."

 

ஊருக்கு வந்து, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மணல்ல விழுந்து, நாக்க நீட்டி இந்தக் கதைய நடிச்சுக் காட்டுவாராம். அப்படித்தான் சனம் அவருக்குக் காமாலையார்னு பேரு வச்சுது. அவரு இருந்த தெரு காமாலையார் தெரு ஆயிருச்சு.

போன வருசம் சுகாதார ஆபீசர் ஒருத்தரு அந்தப் பேரப் பாத்துட்டு, ரத்தம் எடுக்க ஆளோட வந்து எறங்கிட்டாரு. "இங்க ஒருத்தருக்கும் காமாலை வந்ததில்ல சார்"ன்னு சொன்னாங்க தெருக்காரங்க.

"அப்ப தெருப்பேர மாத்திருங்க."

மாத்தவா? தெருவே தெரண்டு அவரச் சேர்ல உக்கார வச்சு, கதைய முதல்லேருந்து சொல்லுச்சு. சொல்லி முடிக்க உச்சிப்பொழுது ஆயிருச்சு. மனுசன் கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சாரு. அப்புறம் நோட்ட விரிச்சு எழுதுனாரு: "காமாலையார் தெரு. நோய் இல்லை. பெயர் இருக்கட்டும்."