அணைப் பாடத்துக்கு முழு மார்க்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள்.

"அந்தப் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாதுக்கா. வாசிப்புப் பரீட்சையில முழு மார்க்கு," என்றாள் இளையவள்.

"பக்கத்துப் பிள்ளை சொல்லிக் குடுத்திருக்கும்."

"இல்லக்கா. மனசுக்குள்ள படிச்சிட்டு, பொறவு நான் கேக்குறதுக்குத் தனியா வந்து பதில் சொல்லணும். பாடம் பிளவக்கல் அணையைப் பத்தினது. அணை நெறஞ்சதும் என்ன செஞ்சாகன்னு கேட்டேன். ஷட்டரைத் தொறந்தாகன்னு சொன்னா. அவ அப்பாவுக்கு அங்கதான் வேலை."

"அப்ப படிக்காமத்தான் சொன்னான்னு எப்படிச் சொல்லுத?"

"நேத்து பாடத்தை மாத்திக் குடுத்தேன். அணை நெறஞ்சதும் எல்லாரும் மேளம் அடிச்சாகன்னு எழுதிருந்தேன். மத்த பிள்ளைக சிரிச்சுக்கிட்டே மேளம்னு சொல்லுச்சுக. இவ மட்டும் ஷட்டரைத் தொறந்தாகன்னு சொன்னா."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "அப்ப நீ மார்க்கு போட்டது அவ அப்பாவுக்கு."

இளையவள் சிரிக்கவில்லை.

"அந்த மார்க்கைப் பாத்துத்தான் சாயங்கால வாசிப்பு வகுப்புல இருந்து அவளை எடுத்தோம். நாளைக்குத் திரும்ப உக்கார வைக்கணும். அவ அம்மா தெரு முழுக்க மிட்டாய் குடுத்து முடிச்சிட்டாக."