ஏழாம் நிபந்தனை

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டது அதற்காகத்தான். செங்கல்பட்டிலிருந்து இந்தச் சித்திரை வெயிலில் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். படிக்கும்போது கண்ணுக்காவது சிரமம் இருக்கக் கூடாது.

பெயர் ஏகாம்பரம். பஞ்சாயத்து ஆபீஸில் பதினாறு வருடமாக கிளார்க். பிறப்பு இறப்புப் பதிவேடு என்னிடம். கட்டட அனுமதி ஃபைலும் என்னிடம். இரண்டும் ஒரே பீரோவில்தான் இருக்கின்றன.

டாக்டர் வேதாசலமும் நானும் ஒரே பெஞ்சு. கணக்கில் நான்தான் முதல், அவர் எனக்கு அடுத்துதான். அவர் மெட்ராஸ் போய்ப் படித்தார், நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அவரவர் தலையெழுத்து. ஊருக்குத் திரும்பி வந்து தேரோடும் தெருவில் ஆறு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி வைத்தார். அதிலும் வருத்தமில்லை.

பெயர்தான் பிரச்சினை. அவர் கையில் கஷ்டமான பிரசவம் நல்லபடியாக முடிந்தால், சுற்றுப்பட்டு ஜனங்கள் பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். சாமிக்கு வேண்டிக்கொண்டு வைப்பது மாதிரி. அதைப் பதிய என்னிடம்தான் வருவார்கள். மானாம்பதியில் ஒரு வேதாசலம், மாகறலில் இரண்டு, பெண்ணாக இருந்தால் வேதவல்லி. போன வருடம் மட்டும் பதினேழு. பதினேழையும் நான்தான் எழுதினேன், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தலைச்சன் பிள்ளைக்கு என் அப்பா பெயரை, சின்னராசு என்று, வைப்பதாக இருந்தேன். என் மனைவி கோமளவல்லி படுக்கையில் கிடந்தபடியே, "அவரு இல்லன்னா நானும் இல்ல, புள்ளயும் இல்ல. வேற பேர் வெச்சா எனக்கு வாய் வராது" என்றாள். அதையும் பதிவேட்டில் எழுதினேன். இப்போது அவனுக்கு நாலு வயது. விஷமம் செய்தால் என்னால் அதட்ட முடியாது. "அந்தப் பேரச் சொல்லித் திட்டாதீங்க" என்பாள். பெற்ற பிள்ளையைத் திட்டக்கூட என் வீட்டில் எனக்கு உரிமை இல்லை. வயிறு எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது.

போன ஆடியில் டாக்டர் பிளான் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பத்துக் கட்டிலில் பிரசவ வார்டு. சுற்றிலும் குடித்தனங்கள் என்பதால், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒட்டினேன். ஒருவரும் வரவில்லை.

அனுமதிக்கு நிபந்தனைகள் எழுதுவது என் வேலை. ஆறு நிபந்தனைகள் பழைய ஃபைலில் இருப்பவை. பக்கத்துக்கு ஐந்தடி காலியாக விட வேண்டும், கட்டுத் துணிகளைத் தெருச் சாக்கடையில் போடக் கூடாது, அந்த மாதிரி. ஏழாவது என்னுடையது. "பின்புறச் சந்தில் உள்ள வாசல், குடியிருப்போர் அமைதி கருதி, செங்கல் வைத்து நிரந்தரமாக அடைக்கப்பட வேண்டும்."

அதற்கு ஒரு ஆட்சேபணை மனு வேண்டுமே. நானே எழுதினேன். தெரு விளக்குக்கு மனு என்று சொல்லிச் சந்தில் ஐந்து வீட்டில் கையெழுத்து வாங்கினேன். என் கையெழுத்தை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை, பார்த்து மெச்சுவார்கள், அவ்வளவுதான். அடுத்த வீட்டு சுலோச்சனா கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு மோரும் கொடுத்தாள். எங்கள் எக்ஸிகியூட்டிவ் ஆபீசரும் அப்படித்தான், படிக்கவில்லை. "இன்னாய்யா ஏகாம்பரம், குடித்தனக்காரங்க மேல உனக்கு இவ்ளோ கரிசனம்" என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

டாக்டர் என் மேஜைக்கு வந்தார்.

"ஏகாம்பரம், மத்ததெல்லாம் சரிப்பா. இந்த ஏழாவதுதான் இடிக்குது. தேர் அன்னிக்கு முன்பக்கம் வண்டி வர முடியாது. அவசரமா ஒரு கேஸ் வந்தா இன்னா பண்றது?"

"தெருக்காரங்க கேக்கறாங்க சார். நான் இன்னா பண்ணட்டும்?"

மனுவைக் காட்டினேன். ஐந்து பேரும் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். அவர் முகம் வாடிப்போயிற்று. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. "அவங்களுக்குத் தொந்தரவுன்னா அடைச்சிடறேன்" என்று எழுந்தார். வேறு ஒருவராக இருந்தால் கலெக்டர் வரை போயிருப்பார், அல்லது உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார். இவர் அப்படிச் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாசியில் வார்டு எழும்பியது, வாசல் அடைபட்டது.

இனி தேர் நாள். எங்கள் ஊரில் தேர் நிலைக்குத் திரும்பும் வரை வடத்தை யாரும் தாண்டக் கூடாது. சாவு எடுத்துப் போகிறவர்கள்கூடக் காத்திருப்பார்கள். அன்று காலை ஆஸ்பத்திரிக்கு நேரே தேர்ச் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. தெரு நீளத்துக்கு வடம் கிடந்தது.

மானாம்பதி இருசப்பன் தன் மனைவி அம்முலுவை மாட்டுவண்டியில் கொண்டுவந்தான். தலைப்பிரசவம், பிள்ளையின் கை முன்னால் வந்துவிட்டது. வழக்கம் போலப் பின்சந்துக்கு வந்திருக்கிறார்கள். அங்கே பூசாத புதுச் செங்கல். கத்திப் பார்த்தார்கள், முன்தெரு மேளத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. சந்து முழுக்கத் தேர் பார்க்கப் போயிருந்தது. என் மனைவியும் பிள்ளையும்கூட.

அடைத்த வாசலை ஒட்டியது என் வீடு. என் தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு ஓலைப் படல்தான். கோமளவல்லி அதை நகர்த்தித்தான் டாக்டருக்கு முருங்கைக்கீரை கொடுத்தனுப்புவாள்.

இருசப்பன் என் கதவைத் தட்டினான்.

"ஐயா, வூட்ல யாராச்சும் கீறீங்களா? பொண்டாட்டி வண்டில கெடக்குறா ஐயா. உங்க தோட்டத்து வழியா தூக்கினு பூடறோம். கதவத் தொறங்க ஐயா."

நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். அதை அணைத்தேன். தாழ்ப்பாள் ஏற்கெனவே போட்டிருந்தது, அவன் தட்டிய பிறகு நான் போடவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். "வெளில பூட்டு இல்லியே" என்று அவன் வண்டிக்காரனிடம் சொன்னது கேட்டது. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினான். வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் இருக்கும். அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. கதவிலிருந்து படல் வரை முப்பத்திரண்டு அடி, பிறகு நடந்து பார்த்தேன். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரே ஒரு பிள்ளை, அவர் பெயர் வைக்காத ஒரே ஒரு பிள்ளை இருந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

வண்டியை முன்தெருவுக்குத் திருப்பினார்கள். வடத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, டாக்டர் ஊரே பார்க்க வடத்தைத் தாண்டி வந்தார். நேரம் கடந்துவிட்டது. வண்டியிலேயே அவர் கையில் அம்முலு போய்விட்டாள், பிள்ளை வயிற்றோடு.

மூன்றாம் நாள் இருசப்பன் இறப்பைப் பதிய வந்தான். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே சொன்னான். "பொறந்திருந்தா டாக்டர் பேருதாங்க வெச்சிருப்போம்."

மானாம்பதி ஆட்கள் ஆஸ்பத்திரி ஜன்னலை உடைத்தார்கள். புகார் போய், விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள். வாசலை அடைத்தது யார் என்று நேற்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். டாக்டர் ஏழாம் நிபந்தனையைப் பற்றியோ மனுவைப் பற்றியோ வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் அங்கேதான் நின்றிருந்தார்கள். "நான்தாங்க அடைச்சேன். தப்பு என்னுது" என்றார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த இருசப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கல்லெறிந்தவர்களும் அழுதார்கள். ராத்திரி என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. "எவ்ளோ பெரிய மனசு அவருக்கு" என்று கோமளவல்லி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் வந்தேன். மனசாட்சி, பொறாமை என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், இது நியாயத்தைப் பற்றியது. நிபந்தனையை எழுதியது நான். கையெழுத்து வாங்கியது நான். கதவைத் திறக்காதது நான். பாடுபட்டது ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு என்றால் எப்படி? சுற்றுப்பட்டில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். இந்த ஒன்றையாவது என் பெயரில் எழுதுங்கள்.