வடிக்காத தண்ணீர்

சமையல் புத்தகத்தை நான் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். கத்தரிக்காய் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது, பூசணிக்காய் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அதில் போட்டிருப்பார்கள். வீட்டில் கிடக்கும் காய்கறியை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலில் விரலை ஓடவிட்டு, இதுவரை செய்யாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. லண்டனில் எங்கள் வால்தம்ஸ்டோ பக்கத்தில், பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கி அறுபத்து மூன்று புத்தகங்கள் சேர்த்துவிட்டேன். என் அறை சின்னது. பாதி கட்டிலுக்குக் கீழே, மீதி ஜன்னல் விளிம்பில்.

ஜதுர்ஷிகா, நீங்கள் ஆஸ்பத்திரியில் தந்த மெல்லிய புத்தகமும் அவற்றோடுதான் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் எதைச் சாப்பிடலாம் என்பது பச்சைப் பக்கத்தில், எதைத் தவிர்க்கவேண்டும் என்பது சிவப்புப் பக்கத்தில்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நீங்கள் வந்தீர்கள். உணவு ஆலோசனை சொல்கிற ஒருவர் நோயாளியின் வீட்டுச் சடங்குக்கு வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது உங்கள் நல்ல மனம். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் என்னைத் தனியாகக் கண்டு, "அங்கிள், நான் உங்களுக்கு வடிவா விளங்கப்படுத்தேல்லையோ?" என்று கேட்டீர்கள்.

நான் ஓம் என்றுவிட்டேன்.

பழக்கதோஷம். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். உங்கள் முகம் வாடியதைக் கண்ட பிறகுதான் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே விளங்கியது. நீங்கள் வேலையை விடப்போவதாக அண்ணி நேற்றுச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மிக வடிவாகவே விளங்கப்படுத்தினீர்கள். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

அண்ணை பாலேந்திரா எனக்கு எட்டு வயது மூத்தவர். தொண்ணூற்றொன்றில் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். வந்த அன்று அவர் காட்டிய அந்தச் சின்ன அறையில்தான் இன்றும் இருக்கிறேன். நான் எந்தப் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்வது, எந்தக் கலியாணப் பேச்சை வேண்டாம் என்பது, குளிருக்கு எந்தக் கோட் போடுவது எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். என்னிடம் கேட்காமலே என் பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணி சிவமலருக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. ஆகவே சமையலோடு குசினியும் என் கைக்கு வந்தது. அந்த வீட்டில் இப்படிச் செய், அப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

நாலு வருஷத்துக்கு முன்பு சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் அண்ணையின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று மெஷினில் ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ். அப்போதுதான் உங்களைச் சந்தித்தோம். நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பொட்டாசியம் என்ற உப்பு உருளைக்கிழங்கில், கீரையில், தக்காளியில், வாழைக்காயில், இளநீரில் நிறைய உண்டு. சுகமான உடம்பு அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அண்ணையின் உடம்பில் அது தேங்கும். தேங்கினால் இதயம் திடீரென்று நின்றுவிடும். சனிக்குப் பிறகு செவ்வாய் வரைக்கும் மெஷின் இல்லாதபடியால் அந்த இரண்டு நாளும் கூடுதல் கவனம் வேண்டும்.

"கிழங்கைச் சின்னனா வெட்டி, நிறையத் தண்ணியிலை அவிச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்திப் போடுங்கோ அங்கிள். சிங்குக்குள்ளை. கறிக்குள்ளை இல்லை" என்று சொல்லிச் சிரித்தீர்கள். இதைவிடத் தெளிவாக ஒருவரால் சொல்ல ஏலாது.

மூன்று வருஷம் நான் அப்படியே செய்தேன். அதை யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் இரண்டு தரம் அவித்து, வடித்து, சாரமில்லாத அந்த மிச்சத்தில் ஏதோ ருசியை வரவழைத்தேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். வைக்கோல் தின்றமாதிரி இருக்கிறது என்பார். எனக்குக் கவலையாக இருந்தது. நல்ல சமையல்காரனுக்கு அதைவிட அவமானம் என்ன இருக்கிறது?

போன வருஷம் அண்ணையின் பிறந்தநாளன்று மகன் துஷாந்தன் பேர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்தான். தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தருவதாகப் பேச்செடுத்தான். அண்ணை அவனைக் கையமர்த்தினார்.

"பிள்ளையளிட்டை வாங்கி உயிர் வாழ எனக்கு விருப்பமில்லை. தம்பி தருவான். அவனுக்கென்ன, குடும்பமோ குட்டியோ?"

நான் அப்போது சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். அண்ணி எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். துஷாந்தன் என்னைக் கட்டிப்பிடித்தான். அண்ணை இன்னும் கொஞ்சம் பருப்புப் போடச் சொன்னார். நான் போட்டேன். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதை அறைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் கவனித்தேன்.

பரிசோதனைகள் நடந்தன. ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, என் வயதுக்கு என் உடம்பு அபூர்வமாக நன்றாக இருக்கிறதாம். அண்ணை அதை லூயிஷாம் சிவன் கோயிலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார், தன் காரைப் பற்றிச் சொல்வதுபோல. ஒன்று போனாலும் மற்றதோடு நூறு வயதுவரை வாழலாம் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்குக் கத்திக்குப் பயம் இல்லை. என் உடம்பின் உள்ளே இருப்பதாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

உறுப்புத் தானம் செய்பவர்களைத் தனியாக அழைத்துப் பேச ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். கதவைச் சாத்திவிட்டு மிக அன்பாகப் பேசினார். மனம் இல்லையென்றால் இப்போதுகூடச் சொல்லலாம், நீங்கள் பொருத்தமானவர் இல்லை என்று மட்டும் குடும்பத்துக்கு அறிவிப்போம், காரணத்தை ஒருவருக்கும் சொல்லமாட்டோம் என்றார். என்னை வற்புறுத்துகிறார்களா என்று மூன்று தரம், மூன்று விதமாகக் கேட்டார். எனக்குப் பூரண சம்மதம் என்று மூன்று தரமும் சொன்னேன். அண்ணை வெளியே கதிரையில் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து புத்தகங்களை எடுத்தேன். உங்கள் சிவப்புப் பக்கத்தை ஒரு பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, மற்றப் புத்தகங்களின் கடைசிப் பட்டியல்களில் அதே பெயர்களைத் தேடினேன். ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை அருமையான சமையல்கள் இருந்தன என்று உங்களுக்குத் தெரியாது. உருளைக்கிழங்கை மெல்லிய தட்டுகளாகச் சீவி, அவிக்காமல், பால் ஊற்றி, உள்ளிப்பூண்டும் போட்டு அவண் அடுப்பில் வேகவைப்பது ஒன்று. சீவிய கிழங்கைக் கழுவவே கூடாது என்று எழுதியவர் அடித்துச் சொல்லியிருந்தார். கோயில் திருப்பணிக்காக அச்சடித்த ஒரு தமிழ்ப் புத்தகத்தில், கீரை அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று ஒரு சூப்புக்குக் கீழே போட்டிருந்தது. அதற்குப் பென்சிலால் கோடிட்டேன். முருங்கையிலைக்கும் வாழைக்காய்க்கும் 58ஆம் நம்பர் பஸ் எடுத்து அப்டன் பார்க்கில் எங்கள் ஊர்ச் சாமான் விற்கும் கடைகளுக்குப் போனேன்.

முதல் நாள் அண்ணை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி வடிச்சனியோ?"

"ஓம் அண்ணை."

"இண்டைக்குத்தானடா வாய்க்கு ருசியாச் சாப்பிடுறன்."

முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். அவர் என் சாப்பாட்டை மெச்சியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

மாதாந்த ரத்தப் பரிசோதனை வரும் கிழமைகளில் ஏழு நாளும் உங்கள் புத்தகத்தின்படி அவித்து வடித்தேன். அந்த நாட்களில் அண்ணை முகத்தைச் சுளிப்பார். அறிக்கையைப் பார்த்துவிட்டு, நன்றாகக் கவனிக்கிறீர்கள் அங்கிள் என்று என்னைப் பாராட்டினீர்கள். உங்களை ஏமாற்றியதுதான் இதில் எனக்கு மெய்யாகவே கஷ்டமாக இருந்தது. மற்றக் கிழமைகளில் அவருக்குக் கால் பாரமாக இருக்கும். மாடிப்படியில் ஏறும்போது நின்று மூச்சு வாங்குவார். ஆஸ்பத்திரிக்குச் சொல்வோமா என்று அண்ணி கேட்டபோது, வயது போகிறதுதானே என்றேன். பின்னேரங்களில் அவருக்குக் கால் பிடித்துவிட்டு, பிறகு சூடாகச் சூப் கொண்டுவந்து கொடுப்பேன்.

மார்ச் பதினெட்டு ஒப்பரேஷன் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்திய மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அதைக் கொண்டாட நல்லதாக ஏதும் சமைக்கச் சொன்னார் அண்ணை. அன்று காலையிலேயே தொடங்கிவிட்டேன். பாலில் வெந்த கிழங்கு, தக்காளி போட்ட ஆட்டிறைச்சி, முருங்கையிலை வறை, வாழைக்காய்ப் பொரியல், கீரைச் சூப். அவருக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்கவேண்டும். தாகம் என்றார். இளநீர் கொடுத்தேன். அண்ணிக்கும் எனக்கும் சேர்த்துச் சமைத்தபடியால் நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் செய்யாது. எங்கள் சிறுநீரகங்கள் நல்லவை.

திங்கட்கிழமை அண்ணி காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். பத்து மணியளவில் முன்னறையிலிருந்து அண்ணை கூப்பிட்டார். ஒரு குரலிலேயே ஓடிப்போகிறவன் நான். அன்று அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அதைப் பொன்னிறமாக வரும்வரை கிளறி, இறக்கி, மூடிவைத்துவிட்டுப் போனேன். அதற்குள் அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். பிறகு அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அண்ணை களவாக எதையோ வாங்கித் தின்றிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தம்பி பார்த்துப் பார்த்துச் சமைத்தவர் என்று அண்ணி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது உண்மை. பார்த்துப் பார்த்துத்தான் சமைத்தேன். பிழை உங்களுடையதும் இல்லை, அண்ணையுடையதும் இல்லை. அவரைக் கொன்றது நான். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலையை மட்டும் விடவேண்டாம்.

தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசிக்காமல் இல்லை. எத்தனையோ தரம் அவருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஆனால் நீங்கள் என் அண்ணையை அறியமாட்டீர்கள். அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் அந்த மனுஷன் மனம் நொந்துபோயிருப்பார்.