ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய மறுப்பு

இல்லீங்க, என் பொண்ணு எழுதலை. அவ முன்வாசல்ல ஸ்கூட்டர் பக்கத்துல காவலுக்கு நிக்கிறா. பரீட்சை எழுதறது நான்தான். சிரிங்க, பரவாயில்லை, நானும் கண்ணாடியில பாத்துச் சிரிச்சிட்டுத்தான் கிளம்பினேன். உங்க தங்கச்சி உள்ள போயாச்சா? நல்லது. அப்ப கொஞ்சம் நகருங்க, உக்காந்துக்கறேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

வேலையா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. பதினாறு வருஷமா பெட்ஷீட் தேய்க்கிறேன். அங்க சூப்பர்வைசர் இடம் காலியாகுது. ஆனா பள்ளிக்கூடப் பரீட்சையில எல்லாம் பாஸாகியிருக்கணுமாம். நான் தமிழ்ல மட்டும் கோட்டை விட்டவ. ஆமாங்க, இவ்ளோ பேசறவ தமிழ்லதான் ஃபெயில்!

மறுபடி எழுதும்மான்னு பொண்ணு ஒரே நச்சரிப்பு. முடியாதுடி, ஆளை விடுன்னுட்டேன். அவ என்ன பண்ணா தெரியுமா? அம்மா ஏன் பரீட்சை எழுத வேண்டும்னு தலைப்பு வச்சு, ஒரு கட்டுரை எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா. ஐயத்திற்கு இடமின்றியாம், மறுக்க முடியாத சான்றாம். எனக்கு வந்துச்சே கோவம்! எழுத்துலயே பதில் சொன்னாதான் ஒத்துப்பாளாம்.

விடுவேனா? அவ தமிழ்ப் புத்தகத்தையே எடுத்து வச்சுக்கிட்டேன். வாதம் பண்றதுக்குன்னே தனியா வார்த்தைங்க இருக்குங்க. ஒருபுறம், மறுபுறம், மாறாக, எனினும்... ஒரு பெட்ஷீட்டுக்கு ஒரு வார்த்தைன்னு தேய்ச்சுக்கிட்டே மனப்பாடம் பண்ணேன். எதிராளி சொல்றதை முதல்ல ஒத்துக்கிட்டு, அப்புறம்தான் கவுக்கணுமாம். நானும் எழுதினேன். மகளின் அக்கறை பாராட்டுக்குரியது, எனினும், நாற்பத்து மூன்று வயதில், மூட்டு வலியோடு, ஒருத்திக்குப் பரீட்சையும் தேவையா? எப்படி! அது பதில் வேணாம்னே கேக்கற கேள்வி. எங்க வீட்டுக்காரர்தான் நீதிபதி. நின்னுக்கிட்டே ரெண்டையும் படிப்பார், ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துடுவார்.

நாலு மாசம் ஓடுச்சு. கதவே தெரியலை, எல்லாம் பேப்பர். கடைசியா நான் எழுதின மூணு பக்கத்தைச் சிவப்பு மையில திருத்தி, மார்க் போட்டு கையில குடுத்தா. எண்பத்தி ரெண்டு! கீழ ஒரு வரி: பரீட்சையில கேக்கறதும் இதே மாதிரி கட்டுரைதான்மா. பாருங்க, எழுத மாட்டேன்னு சொல்றதுக்காகவே மொத்தப் பாடத்தையும் படிச்சு முடிச்சிருக்கேன். என்னை மாதிரி ஒரு ஏமாளி உண்டா? விண்ணப்பத்தை நீட்டினா, கையெழுத்து போட்டேன்.

ஹால் டிக்கெட்டா? இதோ இருக்குங்க, காலையில இருந்து நாலு தடவை எடுத்துப் பாத்துட்டேன்.

அட, மணி அடிச்சிட்டாங்க. ஏங்க, அந்த மாடிப்படி வரைக்கும் கூட வரீங்களா? இல்லல்ல, வழி தெரியும். போன வருஷமும் யார்கிட்டயும் சொல்லாம விண்ணப்பம் போட்டு வந்தேன். இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். மணி அடிச்சதும் எந்திரிச்சு, பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன். பொண்ணுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அன்னிக்குப் பேச்சுத் துணைக்குப் பக்கத்துல ஆளில்லை, அவ்ளோதான்.