டிஸ்க்குக்கு வைத்த பரீட்சை

புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் நாளே ராஜகிரி ஏறுகிறவன் செஞ்சியில் கிடையாது. நாலு நாள் பஜார் வரைக்கும் நடந்து பார்ப்பான், கடிக்கிறதா, வார் அறுகிறதா என்று. அதற்குப் பிறகுதான் மலை. இதைப் படித்தவர்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நான் செய்ததும் இதுதான் ஐயா. நீங்கள் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள், உங்கள் வேலை அது. எப்படி நடந்தது என்பதையும் கூடவே எழுதிக்கொண்டால் நல்லது.

என் பெயர் செல்லப்பன். டாக்டர் சுந்தராம்பாள் திண்டிவனம் ரோட்டில் ஆஸ்பத்திரி வைத்த நாளிலிருந்து அங்கே நான்தான் அட்டைக்காரன். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பேர், ஊர், என்ன வியாதி, என்ன மருந்து கொடுத்தது, எது உடம்புக்கு ஆகவில்லை, எல்லாம் அதில் இருக்கும். பென்சிலின் ஊசி ஆகாதவர்களின் அட்டைக்கு மட்டும் மேல் மூலையைக் கத்தரித்து, சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். அது நானே கண்டுபிடித்த முறை. அட்டையைக் கையில் வாங்கும்போதே டாக்டரம்மாவின் விரலுக்குத் தெரிந்துவிடும். நோயாளிகளையும் பழக்கி வைத்திருந்தேன். டாக்டரம்மா எதைக் கேட்டாலும், "அட்டைல இருக்குதும்மா, பாத்துக்குங்க" என்பார்கள். வாயில் நுழையாத மருந்துப் பேரையெல்லாம் அவர்கள் உளறிக் குழப்ப வேண்டாம் என்றுதான் அப்படிப் பழக்கினேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்டுவதற்குக் கமர் ஜஹான் என்ற பெண் வந்தாள். பாத்திரக்கடை சைபுதீன் பாயின் மகள், பாண்டிச்சேரியில் படித்துவிட்டு வந்தவள். முதலில் அந்த மிஷினில் மெல்லிசுத் தகடு போல ஃபிளாப்பி மட்டும்தான். நம் ஊர் ஜனங்களின் நோயெல்லாம் அதில் அடங்கவில்லை. எனக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம். ஆடி மாதம் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டார்கள். செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வரும்போது மடியில் தலையணை வைத்து, அதன்மேல் அதை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி யாரும் தூக்கிவந்து நான் பார்த்ததில்லை. மிஷின் அறைக்கு ஏ.சி. போட்டார்கள். காய்ச்சல்காரனுக்குக் கடகடவென்று ஆடுகிற மின்விசிறி, இரும்புப் பெட்டிக்கு ஏ.சி. உள்ளே போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும்.

டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "செல்லப்பா, எல்லாத்தையும் இதுல ஏத்திட்டா அப்புறம் அட்டை எதுக்கு? எடத்த அடைச்சிக்கினு கெடக்குது. கொளுத்திடலாம்."

"அப்ப நானு?" என்று கேட்டேன்.

"ஊசியெல்லாம் கொதிக்க வைக்க ஆளு வேணும் இல்ல. நீ அத பாத்துக்க."

இத்தனை வருஷம் ஊரின் உயிரைப் பெட்டியில் வைத்துக் காத்தவன் இனிமேல் வெந்நீர் போட வேண்டும். கமர் ஜஹான்தான் குறுக்கே வந்தாள். "வேணாம்மா. புது டிஸ்க்க எடுத்ததும் நம்பக் கூடாது. ஒரு மாசம் டெஸ்ட் பண்ணிப் பாப்போம். அதுவரைக்கும் அண்ணன் அட்டை இருக்கட்டும்" என்றாள். எனக்காகப் பேசுகிறாள் என்று நினைத்து உருகிப்போனேன். பிறகுதான் புரிந்தது, அவள் அந்தப் பெட்டிக்காகப் பேசியிருக்கிறாள்.

அவள் வைத்த சோதனையைக் குறை சொல்ல முடியாது. முதலில் ஒன்றுக்கும் உதவாத எழுத்துகளை டிஸ்க் நிறைய எழுதினாள், படித்தாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். காதை வைத்து அதன் சத்தத்தைக் கேட்டாள். வேலை நடக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்றாள். அந்தச் சிரமத்தை நம் ஊர்க் கரண்ட் வைக்கவில்லை, தானாகவே போய்ப் போய் வந்தது. எல்லாவற்றையும் அது தாங்கியது. அதற்கப்புறம்தான் அட்டைகளை ஏற்றினாள். ஏற்றிய பிறகு ஒரு நடைமுறை வைத்தாள். நோயாளி வந்ததும் நான் அவருடைய அட்டையை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். திரையில் இருப்பதை அவள் படிப்பாள், அட்டையில் இருப்பதை நான் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் சீட்டு டாக்டரம்மாவுக்குப் போகும். ஒரு தடவை மாறினாலும் டிஸ்க் தோற்றது என்று கணக்கு. டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்.

அது தோற்கவே இல்லை. தினமும் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்று, "சரியா இருக்குது, சரியா இருக்குது" என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. தன் பாடைக்குத் தானே மூங்கில் வெட்டுகிற வேலை. எனக்குப் பொறாமை என்று டாக்டரம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் வயிறு எரியும். அந்தப் பெண் மீது மட்டும் எனக்குக் கோபம் கிடையாது. ஓய்ந்த நேரத்தில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மிஷினைப் போடுவது, ஒருவருடைய பேரைத் திரையில் கொண்டுவருவது, தப்பாக இருந்தால் திருத்துவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "வெந்நீர் வேலைக்கெல்லாம் போவாதீங்கண்ணே, இத கத்துக்கினீங்கன்னா நான் அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள். நல்ல பெண். விரல்தான் எனக்கு வளையவில்லை.

யோசித்துப் பார்த்ததில் அவளுடைய சோதனையில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று மட்டும்தான் அவள் பார்த்தாள். எழுதினதே தப்பாக இருந்தால்? அந்தப் பெட்டி அதைச் சொல்லுமா? என் அட்டையாவது விரலில் உறுத்தும். அதற்கு உறுத்தத் தெரியுமா? மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் அதை ஒரு தடவை தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். அதை நான் செய்வது என்று முடிவு செய்தேன்.

அமாவாசை அன்று காலையில் ஆஸ்பத்திரியைத் திறந்தது நான்தான், சாவி எப்போதும் என்னிடம்தான். யாரும் வருவதற்கு முன்னால் மிஷினைப் போட்டு, தளவானூர் முருகையனின் பேரைக் கொண்டுவந்தேன். பென்சிலின் ஆகாது என்று இருந்ததை, முன்பே போட்டது, ஆகும் என்று மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலைகூட இல்லை. மூலை வெட்டிய அவருடைய அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முருகையன் மல்லாட்டை போடுகிற சின்ன விவசாயி. அறுப்புக்கு அறுப்பு எனக்கு ஒரு முறம் கடலைக்காய் கொண்டுவந்து கொடுப்பார், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்து, முழங்கால் வரைக்கும் வீங்கி, மனைவி மீனம்பாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் நம் ஊர் வழியாகத்தான் போகும், அமாவாசை என்றால் ஆஸ்பத்திரியிலும் கால் வைக்க இடம் இருக்காது. மயங்கி விழுந்தவர்கள், பஸ் படியில் அடிபட்டவர்கள் என்று அவ்வளவு கூட்டம்.

"அண்ணே, முருகையன் அட்டை?" என்று கமர் ஜஹான் கேட்டாள்.

"நான் ஒத்துப் பாத்துட்டேன் பாப்பா. சரியா இருக்குது. கூட்டத்த பாரு, அடுத்த ஆள கூப்புடு."

"பாத்துட்டீங்களாண்ணே?"

தலையை ஆட்டினேன். சீட்டை எழுதி உள்ளே அனுப்பிவிட்டாள். இதை நீங்கள் பொய் என்பீர்கள். என்னைக் கேட்டால் அதுவும் சோதனையில் ஒரு பாகம். தன் கண்ணால் பார்க்காமல் அவள் அனுப்பியிருக்கக் கூடாது.

பென்சிலின் போடுவதற்கு முன்னால், முன்கையில் துளியூண்டு மருந்தைத் தோலுக்கு அடியில் ஏற்றி, அரை மணி நேரம் உட்கார வைத்துத் தடிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். முன்பே போட்டு ஒத்துக்கொண்டவர் என்று இருந்தால், கூட்டமான நாளில் டாக்டரம்மா அதைச் செய்யமாட்டார். இது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வார்த்தையாக ஒரு தடவை கேட்டார்: "ஊசி ஏதாச்சும் ஒனக்கு ஆவாம இருந்துதா முருகையா?"

"எல்லாம் அட்டைல இருக்குதும்மா, பாத்துக்குங்க. அண்ணன் எழுதி வச்சிருக்காரு" என்று முருகையன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பரீட்சை எழுதுகிறவன் காதில் பதிலைச் சொல்லிவிட்டு, அப்புறம் அவனுக்கு மார்க் போடுவது எப்படி? டாக்டரம்மா திரும்பி என்னைக் கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கையிலிருந்த சீட்டைத்தான் பார்த்தார்.

ஊசி போட்டுப் பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டார்கள். முருகையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "இன்னாண்ணே, நாக்கு தடிச்சாப்புல இருக்குது" என்றார். உதடு வீங்கியது, பிறகு கண். மூச்சு விசில் மாதிரி வந்தது. டாக்டரம்மா ஓடிவந்து மாற்று ஊசி போட்டார், மேலே ஏறி உட்கார்ந்து நெஞ்சை அழுத்தினார். அவர் நல்ல டாக்டர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மீனம்பாள் மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முறை வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். வெட்டிய மூலையும் சிவப்புக் கோடும் அப்படியே இருந்தன. அட்டை தப்பே செய்யவில்லை. எல்லாரும் கமர் ஜஹானைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணன் பாத்துட்டேன்னாரு" என்று அவள் சொன்னது அந்தக் கூச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. மீனம்பாள் தெருவிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் முகத்தில் தூற்றினாள். அவள் துடைக்கக்கூட இல்லை. மறுநாள் சைபுதீன் பாயின் கடையில் யாரோ கல் எறிந்தார்கள். டாக்டரம்மா மிஷினின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, அட்டைப் பெட்டிகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது. சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மையைக் கேட்கிறீர்கள்.

அந்தப் பெண் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் ஃபிளாப்பிகளில் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். அதுவும் சோதனையாம். எனக்கு அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாள் சாயங்காலத்துப் பிரதியில் முருகையனுக்கு ஆகாது என்றுதான் இருந்தது. ராத்திரி பூட்டின ஆஸ்பத்திரியைக் காலையில் திறந்தது யார் என்று நீங்கள் வந்து கேட்டீர்கள். நேற்று இந்த ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தேன். "டிஸ்க்க டெஸ்ட் பண்ணேண்ணே. ஒங்கள பண்ணல" என்றாள். அழவில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

முருகையன் மீது என்ன பகை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு பகையும் இல்லை. அன்று காலைக்கு முதல் நாளே டோக்கன் வாங்கியிருந்தவர்களில் மூலை வெட்டிய அட்டை மூன்று இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதற்குள் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். அதனால் ஆள் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். முதலில் கைக்கு வந்தது என் மகள் ராஜம்மாளுடையது. அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடினேன்.